சிசேரியன் வலியும் எங்கள் சபூரும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். ஆண்களும் வாசிக்க வேண்டும்.

எங்கள் பாடசாலையில் சிசேரியனில் பிள்ளை பெற்ற ஆசிரியைகள் ஆறு பேர் இருக்கிறோம். ஒருவருக்கு மூன்று பிள்ளையும் சிசேரியன்தான். இன்டர்வலில் தேத்தண்ணீர் குடிக்கும்போது கதை பிள்ளைப்பேற்றுப் பக்கம் போனால், ஆறு பேரும் கேட்ட வசனம் ஒன்றாகவே இருக்கிறது: "உனக்கென்ன, வலி தெரியாமப் பெத்துட்டாய்."

வலி தெரியாதது ஒபரேஷன் நேரத்தில் மட்டும்தான். முள்ளந்தண்டில் போட்ட ஊசியின் விறைப்பு சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். தோல், அதற்குக் கீழே கொழுப்பு, தசையை மூடியிருக்கும் உறை, வயிற்றின் உள் சவ்வு, கர்ப்பப்பை என்று இத்தனையையும் திறந்துதான் பிள்ளையை எடுக்கிறார்கள். வேறு ஏதாவது ஒபரேஷனுக்கு வயிற்றை இப்படி வெட்டினால் ஆளைப் பாயை விட்டு எழும்ப விடமாட்டோம். இவளிடம் மட்டும் அன்றைக்கே ஒரு பிள்ளையைக் கொடுத்து, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கச் சொல்கிறோம்.

வருகிற வலியும் ஒரு வலி இல்லை. தையல் வலி ஒன்று. பால் கொடுக்கும்போது கர்ப்பப்பை சுருங்குவதால் அடிவயிறு பிசைகிற வலி இன்னொன்று. அது இரண்டாம், மூன்றாம் பிள்ளைக்குக் கூடும். வயிற்றில் வாயு நிறைந்து குத்துவது வேறு. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், "தையல் பிரிஞ்சிட்டோ" என்று இரவு முழுக்கப் பயந்து கிடக்கத் தேவையில்லை.

எங்களில் இளையவரின் கதையை அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். பெனடோல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போடச் சொல்லி டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் மாமியும் மூத்தம்மாவும், "மருந்து பாலோட பிள்ளைக்குப் போகும், கொஞ்சம் சபூர் செய் மகள்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். அவர் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு புரண்டு படுக்க முடியவில்லை, இருமவும் பயம். பிள்ளை அழுதால் எழும்பி உட்கார வேண்டுமே என்று நெஞ்சு பதறும். பால் கொடுப்பது குறைந்தது. மார்பு கல்லுப் போல் கட்டிக்கொண்டது. "பால் காணாது போல" என்று சொல்லி, வீட்டில் மா டின் வந்துவிட்டது.

அடுத்த நாள் வந்த மிட்வைஃப் மிஸ் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" இவர் அழுதுவிட்டார். மிஸ் யாரையும் ஏசவில்லை. மாமியைப் பக்கத்தில் இருத்தி, வலி இருந்தால் உட்கார முடியாது, உட்கார முடியாவிட்டால் பால் கொடுக்க முடியாது என்று விளக்கினார். அன்றிலிருந்து நேரம் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தது அந்த மாமிதான். சில நாளில் மா டின் அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

இனி நாங்கள் அனுபவத்திலும் டொக்டர்மாரிடம் கேட்டும் படித்தவை:

பெனடோல், அதாவது பரசிட்டமோல், வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 24 மணித்தியாலத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. தடிமன் மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். முதல் சில நாட்கள் வலி ஏறும் வரை காத்திருக்காமல் நேரத்துக்குப் போட வேண்டும். ஏறிய வலியை இறக்குவதுதான் கஷ்டம்.

டிக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றையும் சேர்த்துத் தருவார்கள். வாயால் போடுவதைச் சாப்பிட்ட பிறகு போடுங்கள். அல்சர், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா, பிரஷர் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். இந்த மருந்துகளும் பெனடோலும் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவுதான் சேரும். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

ஆனால் மூத்தம்மாவின் முழங்கால் வலிக்கு எழுதிய ட்ரமடோலையோ, கோடீன் கலந்த மாத்திரையையோ நீங்களாக எடுத்துப் போடாதீர்கள். அவை பிள்ளையை மயக்கி மூச்சைக் குறைக்கக்கூடும் என்பதால், பால் கொடுக்கும் தாய்மார் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் எச்சரித்தது.

எழும்பும்போது நேராக எழும்பாதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் தையலில் ஒரு தலையணையை அமர்த்திப் பிடியுங்கள். பக்கவாட்டில் படுத்தோ, பிள்ளையைக் கைக்குக் கீழே விலாப் பக்கம் வைத்தோ பால் கொடுத்தால் வயிற்றில் பாரம் விழாது. மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். காலில் இரத்தம் கட்டாமல் இருக்கவும் அது வேண்டும். பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்காதீர்கள்.

பத்தியக் கறி நல்லதுதான். ஆனால் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் மரக்கறியையும் நிறுத்தினால் மலச்சிக்கல் வரும். முக்கும்போது தையல் படும் பாட்டை நாங்கள் சொல்லி விளங்காது. சுடுநீரை வயிற்றில் அடித்து ஊற்றுவதும் தையலுக்குச் சரிவராது.

சபூர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மர்யம் அலைஹஸ்ஸலாம் அவர்கள் பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனையில் கதறியதைக் குர்ஆன் மறைக்கவில்லை. அவர்களுக்கு ஏன் பொறுக்கவில்லை என்று அல்லாஹ் கேட்கவும் இல்லை. காலடியில் நீரூற்றும் கனிந்த பேரீச்சம்பழமும் கொடுத்தான். வேதனைப்படுபவளுக்கு முதலில் போய்ச் சேர வேண்டியது உதவி. நிபாஸ் முடிந்து தொழத் தொடங்கும்போதும் சுஜூதுக்குக் குனிய முடியாதவர் கதிரையில் இருந்து தொழ மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. மார்க்கம் கொடுத்த சலுகையை நாங்கள் ஏன் பறிக்க வேண்டும்?

கணவர்மாருக்கு: மாத்திரை நேரத்தை உங்கள் ஃபோனில் அலாரம் வையுங்கள். இரவில் பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுங்கள்.

பாடசாலைகளுக்கு: முழுச் சம்பளத்தோடு பிரசவ லீவு 84 வேலை நாள். அதற்குப் பிறகு 84 நாள் அரைச் சம்பளம், இன்னும் 84 நாள் சம்பளமில்லை. வீட்டுக் கடனைப் பார்த்து அனேகர் முதல் 84 நாளோடு திரும்பிவிடுகிறார்கள். வந்தவருக்கு மேல்மாடி வகுப்பைக் கொடுக்காமல் கீழே ஒரு வகுப்பையும் ஒரு கதிரையையும் கொடுங்கள். எங்களில் ஒருவருக்குக் கரும்பலகையின் மேல் பகுதியில் எழுத ஆறு மாதமானது.

எல்லா வலியையும் மாத்திரை போட்டுச் சமாளிக்கவும் கூடாது. காய்ச்சல், தையலில் சிவப்பு, சீழ், நாற்றம், கூடுதலான இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கண் மங்கலோடு கடும் தலைவலி, எழும்பி உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி: இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மகளுக்கோ மருமகளுக்கோ சிசேரியன் நடந்தால், பிள்ளை யாரைப் போல இருக்கிறது என்று பார்க்க முன், "வலி எப்படி மகள், மருந்து போட்டீங்களா?" என்று கேளுங்கள். எங்கள் ஆறு பேரில் அந்தக் கேள்வி கிடைத்தது இரண்டு பேருக்குத்தான்.

அல்லாஹ் எல்லாத் தாய்மாருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.