கூர்முனை வளைவுகளின் நிழலில்

ஒரு பங்கு ஆலயத்தின் வரலாறு நம் திருவிழா மலர்களில் பெரும்பாலும் மூன்று செய்திகளோடு முடிந்துவிடுகிறது: அடிக்கல் நாட்டிய ஆயர், பொருள் திரட்டிய குருவானவர், மந்திரிக்கப்பட்ட ஆண்டு. ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் ஊரின் உழைப்புக்கும் விசுவாசத்திற்கும் அவ்வரலாற்றில் இடம் எங்கே? இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் ஆலயத்திற்குச் செல்லும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழும் வினா இது.

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவில், முத்தனேந்தலுக்கு அருகே வைகையை ஒட்டி அமைந்த சிற்றூர் இடைக்காட்டூர். இடைக்காட்டுச் சித்தரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பழைய ஊர். வயல்வெளிகளுக்கு நடுவே அங்கு நாம் காண்பதோ, பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த கோதிக் பாணி ஆலயம். சேசு சபைக் குருவான பெர்டினாண்ட் செல் அடிகளார் 1894-ஆம் ஆண்டில் இதனைக் கட்டினார். நோய் நீங்கப் பெற்ற பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் நன்றிக் காணிக்கையாகப் பொருளுதவி செய்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

பிரெஞ்சுப் பாணி இங்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டதால் பழைய மதுரை மறைப்பணி தளர்ந்தது. சபை மீண்டும் உயிர்பெற்றபின், 1837-இல் இப்பணியை ஏற்க வந்தவர்கள் பிரெஞ்சுக் குருக்கள். தாயகத்தில் தாங்கள் மன்றாடிய ஆலயங்களின் வடிவத்தை அவர்கள் நெஞ்சில் சுமந்து வந்தனர்.

இங்கேதான் ஒரு நெருடல் தோன்றுகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகராகக் காவியுடுத்தி, மரக்கறி உண்டு, தமிழிலேயே நற்செய்தியை மொழிந்தார். அவர் நடந்த அதே மண்ணில், ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், அயல்நாட்டுப் பேராலயத்தின் சாயலில் ஓர் ஆலயம்! பண்பாட்டுமயமாதலைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அப்படியாயின் இடைக்காட்டூர் ஆலயம் நமக்கு அந்நியமானதா?

அதன் சுவரை நெருங்கிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 1211-இல் தொடங்கப்பெற்ற ரெய்ம்ஸ் பேராலயம் கல்லால் ஆனது. இடைக்காட்டூரிலோ, கல்லில் செதுக்கப்பட்ட வடிவங்கள், பற்பல அச்சுகளில் வார்த்துச் சுட்ட செங்கற்களாகவும் ஓடுகளாகவும் மாறியுள்ளன. செங்கல் இச்சமவெளிக்குப் புதிதன்று. இதே வைகைக் கரையின் கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய செங்கல் கட்டுமானங்கள் வெளிப்பட்டன.

பயனும் மாறியிருக்கிறது. கூர்முனை வளைவு கூரையின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கிவிடுவதால், சுவரில் பெரிய சாளரங்களைத் திறக்க முடிந்தது. ஒளி குன்றிய வடபுலத்தில் அது கதிரவனை உள்ளே அழைக்கும் உபாயம். கோடையில் கண்கூசும் நம் சமவெளியில், வெயிலில் நடந்து வந்தவர் அதே வளைவுகளின் கீழே நிழலைத் தேடி அமர்கிறார். ரெய்ம்ஸில் பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடினர். இங்கே உழவரும் கூலியாட்களும் முழந்தாளிடுகின்றனர். மூலத்தை விட நகலே நற்செய்திக்கு நெருக்கமாயிற்றோ என்று எண்ணத் தோன்றுகிறது.

1914-இல் போர்க் குண்டுகளால் ரெய்ம்ஸ் பேராலயத்தின் கூரை எரிந்து வீழ்ந்தது. சீர்செய்து 1938-இல் மீண்டும் திறந்தனர். கற்கோவிலும் அழியக்கூடியதே. அதனை மீண்டும் எழுப்பச் செய்தது மக்களின் பற்று. அத்தகைய பற்றினை இடைக்காட்டூரின் பாஸ்கா விழாவில் காணலாம். கோதிக் முகப்பின் அருகே, ஆண்டவரின் பாடுகளும் உயிர்ப்பும் தமிழ் நாடகமாக நடைபெறுகின்றன.

ரெய்ம்ஸ் பேராலயத்தின் தரையில் தலைமைக் கட்டடக் கலைஞர் நால்வரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. கல் சுமந்த ஆயிரவருக்கு அப்பேறு கிட்டவில்லை. நாமும் செல் அடிகளாரை நன்றியோடு நினைக்கிறோம்; தக்கதே. ஆனால் ஒரு குருவானவரின் இரு கைகள் மட்டும் இத்தனை செங்கற்களை அடுக்கியிருக்க இயலாது. மண் குழைத்தவர், சூளைக்கு விறகு சுமந்தவர், சாரத்தின் மேல் நின்று சுண்ணாம்புச் சாந்து பூசியவர் ஆகியோரின் பெயர்களை நம் நாவு சொல்வதில்லை.

அன்புக்குரியோரே, உங்கள் பங்கிலும் ஒரு பழைய ஆலயம் இருக்கும். தம் பாட்டனார் அதற்குக் கல் சுமந்த கதையைச் சொல்லக்கூடிய முதியவர் ஒருவரும் இருப்பார். அடுத்த திருவிழா மலருக்காக அவரிடம் சென்று கேட்டு எழுதுங்கள். பேதுருவின் முதல் திருமுகம் விசுவாசிகளை உயிருள்ள கற்களாகக் காண்கிறது. அக்கற்களின் பெயர்களும் வரலாற்றில் இடம்பெறும்போதுதான் ஆலயத்தின் கட்டுமானம் நிறைவுறும்.