கொலைகாரனோடு கொஞ்சல்

1990 ஆகஸ்டில் ஒரு படம் எங்கள் வார இதழின் மேசைக்கு வந்தது. பாக்தாதில் ஈராக் அதிபர் சதாம் உசேனும் நம் வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ராலும் கட்டித் தழுவி நிற்கிறார்கள். அந்த மாதம் 2ஆம் தேதிதான் சதாம் குவைத்தை விழுங்கியிருந்தார். அங்கே சிக்கிய இந்தியர்களை மீட்பது பற்றிப் பேசத்தான் குஜ்ரால் போயிருந்தார். படத்துக்குத் தலைப்பு வைப்பது என் வேலை. ‘கொலைகாரனோடு கொஞ்சல்’ என்று எழுதி நீட்டினேன். ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மாலை டீயும் பஜ்ஜியும் அவர் கணக்கில்.

என் சித்தப்பா அப்போது குவைத்தில் சிக்கியிருந்தார். தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல வழியில்லை. சித்தி தினமும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் ஆபீசுக்குப் போன் போட்டு, “ஏதாவது தகவல் வந்துச்சாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். தலைப்பு எழுதிய அன்றும் கேட்டார். “கவலைப்படாதீங்க சித்தி, கவர்ன்மென்ட் பேசிக்கிட்டிருக்கு” என்றேன். அந்தப் பேச்சைத்தான் அரை மணி நேரத்துக்கு முன்பு கிண்டலடித்து அச்சுக்கு அனுப்பியிருந்தேன்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் விஷவாயு வீசிச் சுமார் 5,000 குர்து மக்களைக் கொன்ற ஆட்சி சதாமுடையது. குவைத்தைப் பிடித்ததை இந்தியா ஓங்கிக் கண்டிக்காதது குவைத்காரர்களை நெடுநாள் உறுத்தியது. உறுத்தியதில் நியாயமும் உண்டு. ஆனால் நான் தலைப்பு யோசித்தபோது ஹலப்ஜா என் மனதில் இல்லவே இல்லை. ககர மோனை அமைந்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. அதற்குத் துணிச்சல் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் சித்தப்பா வந்து சேர்ந்தார். குவைத்திலிருந்து பஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் வரை பஸ். அம்மானில் பள்ளிக்கூடத் தரையில் ஒன்பது நாள். பிறகு ஏர் இந்தியாவில் பம்பாய், ரயிலில் மெட்ராஸ். நேராக என் வீட்டுக்கு வந்தார். உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே பாஸ்போர்ட்டும், மதிப்பு செத்துப்போன ஒரு கட்டு குவைத் தினாரும்.

“செக்போஸ்ட்ல நிறுத்தி ‘ஹிந்தி?’ன்னு, அதாவது இந்தியனான்னு, கேப்பான் தம்பி. ஆமான்னா கையைக் காட்டிப் போகச் சொல்லுவான். நம்ம மினிஸ்டர் வந்துட்டுப் போனப்புறம்தான் பஸ்ஸெல்லாம் நகர ஆரம்பிச்சுது” என்றார். அந்த இதழ் டீப்பாயில் கிடந்தது. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் அதை எடுத்துப் பாய்க்கு அடியில் செருகினேன்.

இரண்டு மாதத்தில் 488 விமானங்களில் ஊர் வந்து சேர்ந்த இந்தியர்கள் 1,70,000 பேருக்கு மேல். இத்தனையும் ஒரு தழுவலால் மட்டுமே நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதே சதாமை 1991இல் குவைத்திலிருந்து கிளப்பியது பீரங்கிதான், பேச்சு அல்ல. சித்தப்பாவுக்குச் சில ஆண்டுகள் கழித்து ஐ.நா. இழப்பீடாக 2,500 டாலர் கிடைத்தது. ஈராக்கின் எண்ணெய்ப் பணத்திலிருந்து பிடித்துக் கொடுத்தது; தோற்ற ஈராக்கிடமிருந்துதான் அப்படிப் பிடிக்க முடிந்தது. எனவே பேச்சுதான் எப்போதும் சரி என்று இப்போது நான் கட்சி மாறி நின்றால் அது இன்னொரு மோனை.

பாய்க்கு அடியில் செருகியதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2003 மார்ச்சில், ஈராக்கில் பேரழிவு ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. ஆயுதச் சோதனைக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்று பாதுகாப்பு சபையில் கேட்டார். அல் சமூத் ஏவுகணைகளை அவருடைய ஆட்களின் கண்ணெதிரே ஈராக் உடைத்துக்கொண்டிருந்தது. நான் என் பத்தியில் அவரை, திருடன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிக்கும் ஏட்டு என்று எழுதினேன். 20ஆம் தேதி போர் தொடங்கியது. தேடிப்போன பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவே இல்லை. இந்த முறை எனக்குப் போன் போட்டுக் கேட்க பாக்தாதில் உறவு யாரும் இல்லை. அதனால் மோர் உவமையை ரசித்து வந்த கடிதங்களை மட்டும் படித்தேன்.

2012 நவம்பர் 30 அன்று குஜ்ரால் இறந்தார். இரங்கல் குறிப்பு எழுதும் வேலை என்னிடமே வந்தது. குவைத் மீட்பைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். அந்தத் தழுவலை அன்று ‘சிலர்’ பரிகசித்தார்கள் என்றும் எழுதினேன். சிலர்!

மறுநாள் காலை சித்தப்பா போன் செய்தார். “நல்லா எழுதியிருக்கே தம்பி. அந்தப் பரிகாசம் பண்ணினவனுங்க யாருடா?” என்று கேட்டார்.

“பழைய கதை சித்தப்பா, இப்ப யாருக்கு ஞாபகம்?” என்றேன்.