கருப்பன் வாசலில் சம்பளம் கேட்காதீர்கள்

ஆடி ஞாயிறு. புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல் கடந்து அப்பன்திருப்பதியை நெருங்கும்போதே அழகர்கோவில் சாலை திணறத் தொடங்கிவிட்டது. எங்கள் பேருந்துக்கு முன்னால் ஒரு டாடா ஏஸ். அதில் இரண்டு கிடாய்கள், அண்டாக்கள், விறகுக்கட்டு, அரிசி மூட்டை, அவற்றின்மேல் ஏழெட்டுப் பேர். கிடாய்கள் மட்டும்தான் நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தன.

மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் தன் பேத்தியின் காதுகுத்துக்கு அழைத்திருந்தார். "துபாய், சவுதி, மலேசியா மூணும் ஒரே மரத்தடியில உக்காரப் போகுது. கறிச்சோறு சுமாரா இருந்தாலும் பேச்சு நல்லாருக்கும், வந்துருங்க" என்றார் போனில். மேலூர், நத்தம், சிவகங்கை வட்டாரங்களில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத தெரு குறைவு. விடுப்பில் வருகிறவர்கள் மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு என்று சேர்ந்து கிடக்கும் நேர்த்திக்கடன்களையெல்லாம் இங்கே ஒரே மூச்சில் முடித்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள்.

அழகர்கோவில் கோட்டைச் சுவரைத் தாண்டி உள்ளே நடந்தால் ராஜகோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பன். இங்கே உருவம் கிடையாது. பூட்டிய பெரிய கதவுதான் சாமி. அதன்மேல் அப்பிய சந்தனம், மாலைகள், பக்கத்தில் காணிக்கையாக வந்த அரிவாள்கள். அழகரின் நகைகளுக்குக் காவல் இவர்தான் என்பது நம்பிக்கை. ஊரில் தீராத கடன் வழக்கும் பங்காளி வழக்கும் இந்தக் கதவின்முன் சத்தியத்தில் வந்து முடியும். இங்கே பொய் சொன்னவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

குழந்தையின் தாய்மாமன் அங்கேதான் நின்றிருந்தார். துபாயில் கட்டட வேலையில் மேற்பார்வையாளர். பேச்சுவாக்கில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். சட்டென்று என் கையைப் பிடித்து நாலடி தள்ளிக் கூட்டிப் போனார்.

"அண்ணே, கருப்பன் வாசல்ல வச்சு அத மட்டும் கேக்காதீங்க. வீட்டுல ஒண்ணு சொல்லிருக்கேன், பங்காளிககிட்ட ஒண்ணு சொல்லிருக்கேன், பேங்குல ஒண்ணு சொல்லிருக்கேன். இங்க எதைச் சொல்றது?"

புளியமரத்து நிழலில் சமையல் தொடங்கியிருந்தது. அறுத்த கிடாய் தொங்கிக்கொண்டிருந்தது. வெங்காயம் உரிக்கும் பெண்கள் ஒரு பக்கம், ஜமக்காளத்தில் ஆண்கள் ஒரு பக்கம், கிளையில் குரங்குகள். வந்தவர்களின் மொய்யை ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நோட்டைப் பார்த்ததும் தாய்மாமனுக்கு 2009 நினைவு வந்துவிட்டது.

அந்த வருடம் நவம்பர் 25 அன்று துபாய் அரசின் முதலீட்டு நிறுவனமான துபாய் வேர்ல்ட், கடனைத் திருப்பித் தர ஆறு மாதம் பொறுக்கும்படி கடன்காரர்களிடம் கேட்டது. உலகச் சந்தைகள் ஆடிப்போயின. டிசம்பரில் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. அதுவரை புர்ஜ் துபாய் என்று அழைக்கப்பட்ட 828 மீட்டர் கோபுரம், 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டபோது புர்ஜ் கலீஃபா ஆனது. கலீஃபா அப்போதைய அபுதாபி ஆட்சியாளரின் பெயர்.

"உலகமே ஏன் பேரு மாறுச்சுன்னு ஆராய்ச்சி பண்ணுது. எங்க ரூம்ல பத்து மதுரைக்காரன். எங்களுக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. மொய் பெருசா எழுதுனவன் பேரை பிளெக்ஸ்ல பெருசாப் போடணும்ல?"

மொய் நோட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "அப்படின்னா திருப்பி எழுதுனாகளா?" என்று கேட்டார். கூட்டம் அதிர்ந்தது.

அந்த நாட்களில் வெள்ளைக்காரர்கள் விமான நிலையத்தில் சாவியோடு காரை விட்டுவிட்டு ஓடியதாக ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றியது. எண்ணிக்கை ஊதிப் பெருத்த கதைதான், ஆனால் காரணம் உண்மை. கொடுத்த காசோலை திரும்பினால் அங்கே அப்போது சிறை. வேலை போனால் விசாவும் போகும். கடனையும் கட்ட முடியாது, நாட்டிலும் இருக்க முடியாது. "நானும் ஒரு வண்டிய அங்க விட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார் இன்னொருவர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "சைக்கிளு. செயின்கூடப் போடல."

சவுதிக்காரர் அதுவரை பேசவில்லை. நல்ல நகைச்சுவைக்காரர்கள் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள்.

"வளைகுடாச் சம்பளத்துக்கு வரி கிடையாதுன்னு சொல்லித்தானே மாப்ள ஏஜென்ட் அனுப்புனான்? வார்த்தை தவறல. எனக்கு ஏழு மாசம் சம்பளம் வரல. அந்த ஏழு மாசத்துக்கும் ஒத்தை ரியால் வரி பிடிக்கல."

2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. சவுதி அரசு கட்டுமானத் திட்டங்களை நிறுத்தியது. ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் தாமதமானது. கடைசியில் அடி விழுந்தது தொழிலாளர் முகாமில். அந்த ஜூலை இறுதியில், சம்பளமும் உணவுமின்றி 10,000க்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தவிப்பதாக அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜே அறிவித்தார். துணைத் தூதரகம் முகாம்களுக்கு அரிசி, பருப்பு அனுப்பியது. "இந்தியாவ விட்டுப் போயி சவுதியில ரேஷன் வாங்குனவன் நான்" என்று முடித்தார் இவர்.

அடுத்த ஆண்டு ஜூலையில் இன்னொன்று வந்தது. வெளிநாட்டு ஊழியர் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம், ஆண்டுதோறும் நூறு கூடி 2020இல் 400. அதற்குப் பயந்து குடும்பங்களை ஊருக்கு அனுப்பியவர்கள் ஏராளம். "பொண்டாட்டிக்கு வரி போட்ட முதல் நாடு. 'ஓம் மதிப்பு வருஷா வருஷம் ஏறுதுடி'ன்னு எங்க சூப்பர்வைசர் வீட்டுல சொல்லிருக்காரு. அடுத்த பிளைட்டுல ஏத்தி விட்டுட்டாரு."

மலேசியாக்காரர் மூத்தவர், கோலாலம்பூர் உணவகங்களில் புரோட்டா மாஸ்டராக இருந்தவர். 1997 நடுவில் ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட். தாய்லாந்தில் பற்றிய நாணய நெருக்கடித் தீ பரவி, 1998 ஜனவரியில் அது 4.88 வரை போனது. செப்டம்பரில் 3.80 என்று மகாதீர் அரசு ஆணி அடித்து நிறுத்தியது. இவர் பாஷையில் கணக்கு எளிது: ஆயிரம் அனுப்பினால் வீட்டில் 14,000 ரூபாய் கிடைத்தது, ஆறே மாதத்தில் 9,000கூடத் தேறவில்லை. அதே மாவு, அதே கல், அதே வேர்வை.

"அங்க காசுக்கு வெள்ளின்னு பேரு. அந்த வருஷம் ஈயமாப் போச்சு. அதையும் குத்தம் சொல்ல முடியாது, அந்த ஊரே ஈயத்துக்குப் பேர்போன ஊருதான்."

இதுவரை சிரிப்பு ஒரே பக்கம் ஓடியது. தாய்மாமன் அதைத் திருப்பினார். திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ரூபாய்க்கு அப்படிக் கட்டு இல்லை. 2013 மே மாதம் ஒரு டாலர் 54 ரூபாய் அளவில் இருந்தது, ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டியது. பதினைந்து ரூபாய்க்கும் குறைவாக இருந்த திர்ஹாம் பதினெட்டரை ஆனது. ஒரு பைசா சம்பள உயர்வு இல்லாமலே 2,000 திர்ஹாம் அனுப்புகிறவருக்கு 7,000, 8,000 ரூபாய் கூடுதல். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை தெருவுக்கு வந்தது.

"டிவில நிதியமைச்சர் முகம் வாடுனா அன்னைக்கு எங்க ரூம்ல பிரியாணி. ரூபா இன்னும் ரெண்டு ரூபா விழட்டும் கருப்பான்னு வேண்டிக்கிட்டவனும் உண்டு."

விறகு தள்ளிக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். "அப்ப இங்க பெட்ரோல், எண்ணெய் வெலையெல்லாம் ஏத்துனது நீங்கதானாய்யா?" ஜமக்காளத்தில் ஒருவரிடமும் பதில் இல்லை. அன்றைக்கு விழுந்த மிகச் சரியான அடி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. இருந்த நாட்டின் நெருக்கடியைக் கிண்டல் செய்யும் இவர்களுக்கு, பிறந்த நாட்டின் நெருக்கடி போனஸ். எந்த நாட்டுக்கு நட்டம் என்றாலும், அது தங்கள் வீட்டு மணியார்டரில் கூடியதா குறைந்ததா என்பதுதான் இவர்களுடைய பொருளாதாரம்.

ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த பெரியவரை எல்லாரும் 'பர்மாத் தாத்தா' என்றார்கள். ரங்கூனில் பிறந்து, சிறுவனாகக் கப்பலில் வந்தவர். நே வின் ராணுவ அரசு 1964 மார்ச்சில் கடைகளை நாட்டுடைமை ஆக்கியது. மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் அந்த ஆண்டுகளில் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள்.

"ஐந்நூறு, ஆயிரம் செல்லாதுன்னு 2016ல டிவில சொன்ன ராத்திரி வீடே பதறுச்சு. நான் போர்வைய இழுத்துப் போத்திப் படுத்துட்டேன். எனக்கு அது ரெண்டாவது தடவைப்பா."

பர்மாவிலேயே தங்கிவிட்ட சொந்தக்காரர்கள் வழியே கேட்ட கதையும் வைத்திருந்தார். 1987 செப்டம்பரில் நே வின் அரசு 25, 35, 75 கியாட் நோட்டுகளையும் செல்லாதாக்கி, பிறகு 45, 90 என்று நோட்டு அச்சிட்டது. இரண்டும் ஒன்பதால் வகுபடும், ஒன்பது அவருடைய ராசி எண். "நூறு ரூவாய்க்குச் சாமான் வாங்கணும்னா கணக்கு வாத்தியாரையும் கூடக் கூட்டிட்டுப் போகணும்" என்றார் தாத்தா. சேமிப்பை இழந்த மக்கள் மறு ஆண்டே தெருவில் இறங்கினார்கள், நே வின் பதவி விலகினார். இதைச் சொன்னபோது மட்டும் தாத்தா சிரிக்கவில்லை.

இதையெல்லாம் அங்கேயே சொல்வீர்களா என்று கேட்டேன். "ரூமுக்குள்ள சொல்லுவோம். அதுவும் யாரு கூட இருக்கான்னு பாத்துத்தான்" என்றார் சவுதிக்காரர். விசா முதலாளி பெயரில், தங்குமிடம் முதலாளி பெயரில். ஓட்டும் இல்லை, சங்கமும் இல்லை. அந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை குறைசொல்ல உரிமையில்லாதவன், சொல்ல வேண்டியதையெல்லாம் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தப் புளியமரத்தடியில் இறக்குகிறான். இறக்கும்போது அது சிரிப்பாக மாறியிருக்கிறது. நட்டத்தை அப்படியே சொன்னால் இங்கே கௌரவம் போய்விடும். சிரிப்பாகச் சொன்னால் அனுபவசாலி ஆகிவிடலாம்.

வெங்காயம் உரிக்கும் பக்கம் நகர்ந்தேன். அங்கே யாரும் பெரிதாகச் சிரித்த மாதிரி தெரியவில்லை. சவுதிக்காரரின் மனைவி கையை நிறுத்தாமல் பேசினார்.

"ஏழு மாசம்னு இன்னைக்குச் சிரிச்சுச் சொல்றாக. அப்ப போன்ல 'கம்பெனில ஆடிட்டிங் நடக்குது, அடுத்த வாரம் வந்துரும்'னு சொன்னாக. நானும் நம்புன மாதிரியே பேசுனேன். மொத மாசம் தோடு, மூணாவது மாசம் வளையல், அஞ்சாவது மாசம் தாலிச்செயினு. அங்க நெருக்கடின்னா டிவிக்காரனுக்கு முன்னால மேலூரு அடகுக்கடைக்காரனுக்குத் தெரிஞ்சுரும் சார். 'என்னம்மா, சவுதில சரியில்லையா'ன்னு அவருதான் எங்கிட்ட முதல்ல கேட்டாரு."

பக்கத்தில் இருந்த பெண் சொன்னார்: "இவுகளுக்கு நாங்க நகைய வச்சது தெரியாது. அவுகளுக்குச் சம்பளம் வராதது எங்களுக்குத் தெரியாது. அப்படித்தான் குடும்பம் ஓடுச்சு." இப்போதுதான் அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள், என்ன விஷயம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பந்திக்கு முன்பு நூபுர கங்கைக்குப் போனவர்கள் ஈரத்தலையோடு மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். அழகர் தோசை ஒன்று பிய்த்துப் பிய்த்துக் கைமாறியது. நெய்யில் வெந்த அந்தக் கனத்த தோசையில் மிளகு இன்னும் காரமாகவே இருக்கிறது. காதுகுத்தும் முடிந்தது. குழந்தையின் அழுகையைவிடத் தாய்மாமனின் செல்போன் கேமரா பதற்றம்தான் அதிகம்.

சாப்பிட்டு எழுந்த நேரத்தில் அந்த வீட்டுப் பையன் ஒருவன் ஜமக்காளத்துக்கு வந்தான். ஐ.டி.ஐ. முடித்தவன், சவுதிக்கு விசா பேசிக்கொண்டிருக்கிறான். "மாமா, இந்த நேரத்துல போகலாமா?"

இவ்வளவு நேரம் ஊரைச் சிரிக்க வைத்தவர்களில் ஒருவர்கூட ஒரு வேடிக்கை சொல்லவில்லை. ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் பதிவு எண் இருக்கிறதா, இமைகிரேட் தளத்தில் பார்த்தாயா என்றார் மலேசியாக்காரர். சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்பி, போன பிறகு மாற்றித் தருகிறேன் என்றால் கிளம்பாதே என்றார் தாய்மாமன். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடு, பாஸ்போர்ட் நகலை வீட்டில் வை, சென்னையில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, அதில் பதிந்துவிட்டுப் போ, பிரவாசி பீமா காப்பீட்டை மறக்காதே என்று ஆளுக்கொன்றாக அடுக்கினார்கள். பையன் போனில் குறித்துக்கொண்டான்.

சவுதிக்காரர் கடைசியாகப் பேசினார். "சம்பளம் ஒரு மாசம் தள்ளுனா பொறு. ரெண்டு மாசம் தள்ளுனா தூதரகத்துல எழுதிக் கொடு. மூணாவது மாசம் வீட்டுக்குப் போன் போட்டு உண்மையச் சொல்லு. நாலாவது மாசம் அங்க நிக்காத."

"நீங்க ஏழு மாசம் நின்னீங்களே மாமா?"

"அதனாலதான்டா சொல்றேன்."