படகில் கேளாத குரல்

குளச்சலில் எங்கள் விசைப்படகு தொழிலுக்குச் செல்லத் தொடங்கிய காலத்தில், ஓட்டுநர் அறையில் இருந்தவை இரண்டே ஒலிபெருக்கிகள். ஒலிக்க வேண்டிய பெட்டிகளோ மூன்று: பாட்டுப் பெட்டி, செய்தி கேட்கும் வானொலி, பிற படகுகளோடு பேசும் வயர்லெஸ் கருவி. இயந்திர இரைச்சலில் எதுவும் தெளிவாகக் கேட்பதில்லை. எனவே மூன்றின் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, அவ்விரு ஒலிபெருக்கிகளிலேயே இணைத்துவிட்டோம். அண்ணனும் தம்பியுமாக நாங்கள் செய்த முதல் தவறு அதுவே.

சிறிது நேரத்திற்குள் பாட்டுப் பெட்டி சூடேறிப் புகைந்தது. ஒவ்வொரு பெட்டியினுள்ளும் ஒலியைப் பெருக்கும் பகுதி ஒன்று உண்டு. அவற்றின் வெளிமுனைகளை நேரடியாகச் சேர்த்தால், ஒன்று அனுப்பும் மின்சாரம் ஒலிபெருக்கிக்கு மட்டுமன்றி மற்றப் பெட்டியினுள்ளும் பாய்ந்து அதனைக் கெடுத்துவிடும். பழுது பார்ப்பவர் விளக்கிய பின்னரே இதனை அறிந்தோம்.

அவர் கூறியபடி மாற்றுச் சுவிட்சு ஒன்று பொருத்தினோம். ஒலிபெருக்கியின் இரு கம்பிகளையும் சேர்த்தே மாற்றும் சுவிட்சு அது. ஏனெனில் இக்காலப் பெட்டிகள் பலவற்றில் அக்கம்பிகளுள் எதனையும் பாட்டரியின் எதிர்முனையோடு சேர்க்கலாகாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டி மட்டுமே ஒலிக்கும். சிக்கல் தீர்ந்ததென மகிழ்ந்தோம்.

ஓர் இரவு, சுவிட்சு பாட்டின் பக்கமே நின்றுவிட்டது. மறுநாள் கரையில் எங்கள் மாமா ஒருவர், "இயந்திரம் நின்றுபோய் இரவெல்லாம் உங்களைக் கூப்பிட்டேனே, மக்களே! காது கேட்கவில்லையா?" என்றார். வேறொரு படகு அவரை இழுத்து வந்திருந்தது. நாங்கள் தலைகுனிந்து நின்றோம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் தாக்கியபோது, எச்சரிக்கை எட்டாமல் ஆழ்கடலில் சிக்கியவர்கள் எத்தனை பேர்! அதனை அறிந்த நாங்களே எங்கள் செவியை அடைத்துக்கொண்டிருந்தோம்.

நடந்ததைக் கேட்ட அம்மா, "எல்லாருக்கும் ஒரே வாசல் வைத்தால், முந்தி வந்தவன் அடைத்து நிற்பான், ஆபத்தில் ஓடி வருகிறவன் வெளியே நிற்பான்" என்றார்கள்.

அன்றே வயர்லெஸ் கருவிக்குத் தனி ஒலிபெருக்கி வாங்கினோம். அதன் வழியில் சுவிட்சே இல்லை. ஆபத்தழைப்புக்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்ட 16-ஆம் சானலில், அதாவது 156.8 மெகாஹெர்ட்சில், அது எப்போதும் விழித்திருக்கிறது. பாட்டும் வானொலியும் மட்டுமே பழைய ஒலிபெருக்கிகளைச் சுவிட்சு வழியே பகிர்ந்துகொள்கின்றன. அவையும் வயர்லெஸ் குரலை மிஞ்சாத அளவிலேயே ஒலிக்கின்றன. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ் வைத்தோம். ஒலிபெருக்கியின் காந்தம் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பிவிடும் என்பதால், அதனைத் தள்ளியே பொருத்தினோம்.

இன்றும் தொழிலுக்குப் புறப்படுமுன் அச்சிறு ஒலிபெருக்கியைத்தான் முதலில் சோதிக்கிறோம். அதன் கரகரப்பு காதில் விழுந்த பின்னரே கயிற்றை அவிழ்க்கிறோம்.