ஆயிரத்தொரு முகங்கள்

ஞாயிற்றுக்கிழமை கியோட்டோ போகிறேன் என்றதும் ஒசாகா அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் கேட்டார்: "யாரையாவது பார்க்க வேண்டுமா?"

அங்கே எனக்கு யாரையும் தெரியாது என்றேன். சிரித்தார். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் நிதானமாகத் தட்டி என்னிடம் நீட்டினார். சஞ்சூசங்கென்டோ என்று ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே ஆயிரத்தொரு சிலைகள். ஒன்றின் முகம் இன்னொன்றுக்குக் கிடையாது. நாம் மறுபடி பார்க்க ஏங்குகிறவரின் முகம் அவற்றில் எங்காவது இருக்கும் என்பார்கள்.

இரண்டு வார வேலைக்காக வந்திருந்தேன், நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. தங்க மண்டபம், ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரணங்கள், மூங்கில் காடு என்று பட்டியல் தயாராக இருந்தது. காலையில் கியோட்டோ ஸ்டேஷனில் இறங்கியதும் அதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கோயிலுக்கு பஸ் ஏறினேன். அப்பா இறந்து அப்போது பதினாலு மாதம்.

வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கோபுரம் கிடையாது, பெரிய அலங்காரம் கிடையாது. சுமார் 120 மீட்டருக்கு நீண்டு கிடக்கும் ஒரு மர மண்டபம். தூண்களுக்கு நடுவே முப்பத்துமூன்று இடைவெளிகள் இருப்பதால் அதுவே பெயராகிவிட்டது. முன்னாள் பேரரசர் கோ-ஷிரகாவாவுக்காக 1164இல் கட்டப்பட்ட கோயில், 1249இல் தீயில் எரிந்துபோனது. இப்போது நிற்பது 1266இல் திரும்பக் கட்டியது. நெருப்பிலிருந்து காப்பாற்ற முடிந்தது 124 சிலைகளைத்தான். மீதி 876ஐயும் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பதினாறு வருஷம் பிடித்திருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மரத்தரை பாதத்தில் சில்லிட்டது. போட்டோ எடுக்கக் கூடாது என்ற பலகையைப் பார்த்து போனைப் பைக்குள் போட்டேன்.

நடுவில் பெரிய கன்னோன் அமர்ந்திருக்கிறார். டங்கெய் என்ற சிற்பி தன் எண்பதுகளில் செய்து முடித்தது. இரண்டு பக்கமும் ஐந்நூறு ஐந்நூறாக, படிப்படியாக ஏறும் பத்து வரிசைகளில், ஆளுயரக் கன்னோன்கள் நிற்கின்றன. எல்லாம் மரச் சிலைகள், மேலே தங்க இலை. கன்னோன் என்பது நம் அவலோகிதேஸ்வரர்தான்; உலகத்தின் அழுகுரலைக் கேட்பவர்.

நான் தேடிப்போனது எந்த முகத்தை என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஓய்வுபெற்ற நாளில் கழுத்தில் ரோஜா மாலையோடு எடுத்த படம் என் போனில் இருக்கிறது. அகலமான தோள், கொஞ்சம் வெட்கப்பட்ட சிரிப்பு. அந்த முகம்தான்.

வரிசை வரிசையாகப் பார்த்தேன். வேலைப் புத்தி, இடமிருந்து வலமாக, கீழிருந்து மேலாக என்று ஒழுங்கு வைத்துக்கொண்டேன். முதல் அம்பது முகம் வரை வித்தியாசம் தெரிந்தது. ஒன்றுக்குக் கன்னம் உப்பல், ஒன்றுக்கு உதடு மெல்லிசு. அதற்கப்புறம் எல்லாம் ஒன்றாகிவிட்டது. எல்லாமே அமைதி. எல்லாமே பாதி மூடிய கண். பின் வரிசைகளில் நெற்றி மட்டும்தான் தெரிகிறது. பக்கத்தில் ஒரு பாட்டி ஒரே இடத்தில் கைகூப்பி நின்றிருந்தார். அவருக்குக் கிடைத்துவிட்டது போல.

எனக்குக் கிடைக்கவில்லை. சரி, கிளம்பலாம் என்று திரும்பும்போதுதான் முன்னால் நிற்பவர்களைச் சரியாகப் பார்த்தேன்.

தங்க வரிசைகளுக்கு முன்னால் இருபத்தெட்டு காவல் தெய்வங்கள். பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள். கருடன் இங்கே கருரா என்ற பெயரில் புல்லாங்குழல் வாசிக்கிறார். அந்தக் கூட்டத்தில் பாசு சென்னின் என்று ஒரு கிழவர். வசு என்ற ரிஷிதான் ஜப்பானிய நாக்கில் பாசு ஆகியிருக்கிறார். ஒடுங்கிய உடம்பு, துருத்திய எலும்பு, கையில் தடி. கண்ணுக்குப் படிகம் பதித்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் அது ஈரமாகத் தெரிந்தது.

அப்பா.

கடைசி நாலு மாதத்து அப்பா. டயாலிசிஸுக்குப் போய்வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது கழுத்தெலும்புக் குழியில் நிழல் விழும். நான் பெங்களூரில் இருந்தேன். ரிலீஸ் இருந்தது உண்மை. ஆனால் வார இறுதிகளில் போயிருக்கலாம், அதுவும் உண்மை. போகவில்லை. வீடியோ காலில் அம்மா போனை அப்பா பக்கம் திருப்புவாள். ஒருநாள் சொல்லிவிட்டேன்: "அவரு தூங்கட்டும்மா, இந்தப் பக்கம் திருப்பு." அப்பா தூங்கவில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அம்மா திருப்பவே இல்லை.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

எண்ணூறு வருஷம் முன்னால் யாரோ ஒரு சிற்பி அந்த உடம்பை உட்கார்ந்து பார்த்திருக்கிறான். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறான். என்னால் பத்து நிமிஷம் பார்க்க முடியாததை அவன் மாதக்கணக்கில் பார்த்திருப்பான். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்ட்டேன். அம்மா, அப்பா கடைசியா இருந்தப்போ போட்டோ ஏதாச்சும் எடுத்தியா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். நீ பாக்கமாட்டேன்னு அனுப்பல."

"அனுப்பும்மா."

ஒசாகா திரும்பும் ரயிலில் படம் வந்தது. முதலில் மங்கலாக, பிறகு தெளிவாக. கட்டில், சுவரில் காலண்டர், நடுவில் அப்பா. நேராக கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரப் பயணம். இறங்கும்வரை திரையை அணையவிடாமல் விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன்.