தட்டிப் பார்த்து வாங்கியது

என் அம்மா மண்பானையைக் கண்ணால் பார்த்து வாங்கியதில்லை. பொங்கலுக்கு முந்தைய சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் பானைகளில் ஒன்றை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரல் முட்டியால் நான்கைந்து இடங்களில் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் விலை பேசுவார். எங்கேனும் ஓரிடத்தில் ஒலி தொய்ந்துவிட்டால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பானையைத் திருப்பி வைத்துவிடுவார். குயவரும் அதன்பின் அதை அவரிடம் நீட்டமாட்டார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, கான்சஸ் சிட்டியின் புறநகர் ஒன்றில், மிதிவண்டி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் என் வண்டியின் கீழ்க்குழாயைக் கால் டாலர் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக். பெடல் அச்சுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் ஒலி மாறியது. ஈரத் துணியால் சுற்றிய பலகையைத் தட்டியதுபோல் ஒரு மந்தமான சத்தம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அங்கே வெளியில் தெரிந்தது விரல் நகத்தளவுக்குப் பெயர்ந்த வண்ணப்பூச்சு மட்டுமே. முன்சக்கரம் தெறித்த ஏதோ ஒரு கல்லின் வேலை. ஆனால் உள்ளே கார்பன் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தன. அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் அதே வண்டியில் ஓர் இறக்கத்தில் மணிக்கு 52 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கியிருந்தேன். அந்தக் கல் என்றைக்கு அடித்தது, அந்த இறக்கத்துக்கு முன்னா பின்னா, எனக்குத் தெரியாது. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

(கடைக்காரர்கள் ஃபிரேம் என்பதை நான் சட்டகம் என்று எழுதுகிறேன். போர்க், டயர், பெடல் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன். தமிழ்ப்படுத்தினால் எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரருக்கே புரியாது.)

நான் ஓட்டுவது சரளைச் சாலைகளில். கான்சஸின் கிழக்குப் பகுதியில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் பிளின்ட் ஹில்ஸ் என்ற குன்றுத் தொடர்தான் எங்கள் களம். சுண்ணாம்புப் பாறைக்குள் அடுக்கடுக்காக சிக்கிமுக்கிக் கல் பொதிந்திருப்பதால் அந்த நிலத்தை ஏர் கொண்டு உழ முடியவில்லை. உழ முடியாததால்தான் அமெரிக்காவின் உயர்புல்வெளியில் எஞ்சியதில் பெரும்பகுதி இன்றும் அங்கே புல்லாகவே நிற்கிறது. ஏரைத் தடுத்த அதே கல்தான் எங்கள் டயர்களையும் கிழிக்கிறது. 2006ஆம் ஆண்டு எம்போரியா ஊரிலிருந்து 34 பேர் இந்தச் சாலைகளில் 200 மைல் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2020இல் அன்பவுண்ட் என்று பெயர் மாற்றம் பெற்ற அந்தப் பந்தயத்துக்கு இப்போது ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். நான் அந்த ரகமல்ல. எனக்கு வயது 52. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நடங்கள் அல்லது மிதியுங்கள் என்றார் மருத்துவர். நடப்பது எனக்குச் சலிப்பு.

ஆகவே கார்பன் வண்டியொன்றைப் பழையதாக, 1,400 டாலருக்கு வாங்கினேன். விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். கல் என் காலத்தில்தான் அடித்திருக்க வேண்டும். பழுதுபார்க்கலாம் என்றார் இளைஞர். பிரிந்த அடுக்குகளைத் தேய்த்தெடுத்து, புதிய இழையை எபாக்சி பிசினில் தோய்த்து ஒட்டி, இறுகவைத்தால் பழைய வலு வந்துவிடுமாம். 600 டாலர். அவர் சொன்னது உண்மைதான். பின்னர் படித்தபோதும் அப்படியே இருந்தது. ஆனால் வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி கேட்ட ஒரே கேள்விக்கு என்னிடம் பதிலில்லை.

"அது அங்க உடைஞ்சிருந்தா யாரு வந்து தூக்கியிருப்பா? மாடுங்களா?"

அந்தக் குன்றுகளில் பல இடங்களில் செல்பேசி வேலை செய்யாது. பார்வைக்கு எட்டிய வரை புல்லும் மேய்ச்சல் மாடுகளும்தான்.

புது வண்டி வாங்குவது என்று முடிவாயிற்று. கடையில் இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்தினார்கள். ஒன்று அலுமினியம், 1,900 டாலர். மற்றொன்று கார்பன், 3,300. நான் பொறியாளன் என்பதால் முடிவெடுக்க ஒரு மாதம் பிடித்தது. வேறு தொழில் பார்ப்பவராக இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார்.

அலுமினியத்தின் மேல் எனக்கு ஓர் ஏளனம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவில் 'பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு வருபவரிடம் போட்ட நசுங்கிய பாத்திரங்களில் பெரும்பாலானவை ஈயமே அல்ல, அலுமினியம். ஆனால் மிதிவண்டியில் அந்த உலோகத்துக்கு ஒரு கௌரவமான வரலாறு உண்டு. அதன் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். எடையும் ஏறக்குறைய அதே விகிதம்தான். எனவே எஃகுக் குழாயின் அளவிலேயே அலுமினியக் குழாய் செய்தால் வண்டி துவளும். 1970களில் எம்.ஐ.டி.யில் படித்த கேரி கிளைன் போன்றவர்கள் கண்ட வழி எளியது: குழாயைத் தடிப்பாக்கு. சுவரின் கனத்தை மாற்றாமல் விட்டத்தை இரட்டித்தால் எடை இரு மடங்காகும். விறைப்போ எட்டு மடங்காகும். 1983இல் கேனன்டேல் நிறுவனம் அந்தத் தடித்த குழாய்களைக் கடைத்தெருவுக்குக் கொண்டு வந்தது. அலுமினிய வண்டி எலும்பை உலுக்கும் என்ற பெயரும் அப்போதிருந்துதான். 1998இல் பந்தானி டூர் டி பிரான்ஸை வென்றது அலுமினிய பியாங்கியில். அதன்பின் அங்கே கார்பனின் ஆட்சிதான்.

அலுமினியத்தின் மெய்யான குறை அதன் களைப்பு. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட விசையை எத்தனை கோடி முறை தாங்கினாலும் அது சோர்வதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. ஒவ்வொரு குலுக்கலும், எவ்வளவு சிறிதாயினும், கணக்கில் சேர்கிறது. அதனால்தான் வடிவமைப்பாளர்கள் விசை மிகக் குறைவாக விழும்படி தாராளமாகச் செய்கிறார்கள். உடைந்தால் ஊர்ப்பக்கம் எஃகுச் சட்டகத்தைப் பற்றவைப்பதுபோல் இதை எளிதில் ஒட்டவும் முடியாது. பற்றவைக்கும் சூட்டில் உலோகம் தன் பதத்தை இழந்துவிடும். ஆலையில் பற்றவைத்த பிறகு முழுச் சட்டகத்தையும் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். மூலைக்கடையில் அதற்கு உலை ஏது?

கார்பனை நான் வெறுக்கவில்லை. பார்க்கப்போனால் மிதிவண்டிக்காகவே பிறந்ததுபோன்ற பொருள் அதுதான். இழையின் திசையில் அபாரமான விறைப்பு, குறுக்கே அப்படியொன்றும் இல்லை. ஆகவே எந்த அடுக்கை எந்தக் கோணத்தில் இடுவது என்று தீர்மானிப்பவர் எங்கே இறுக வேண்டும், எங்கே இளக வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறார். நெசவாளிக்கும் தச்சனுக்கும் நடுவிலான வேலை. களைப்பும் அதற்கு அலுமினியத்தைவிடக் குறைவு. எடை ஏறக்குறைய அரைக்கிலோ மிச்சம். ஆனால் என் இரு தண்ணீர்ப் புட்டிகளும் நிறைந்தால் ஒன்றரைக் கிலோ. என் தொந்தியை இங்கே சேர்க்க வேண்டாம்.

மிச்சமிருந்தது சொகுசு என்ற வாதம். கார்பன் அதிர்வை விழுங்கும் என்கிறார்கள். விழுங்கட்டும். ஆனால் மேடு பள்ளத்தில் சட்டகம் செங்குத்தாக அமுங்குவது மில்லிமீட்டர் கணக்கில். 40 மில்லிமீட்டர் அகல டயர் அதைப்போல் பல மடங்கு அமுங்குகிறது. கடைக்காரரின் அனுமதியோடு அலுமினிய வண்டியின் டயரில் காற்றை 50 பிஎஸ்ஐயிலிருந்து 35க்கு இறக்கி அருகிலிருந்த ரயில்பாதைச் சரளையில் ஓட்டினேன். என் மணிக்கட்டுகள் அந்த வாதத்தை அங்கேயே முடித்துவைத்தன. 1,400 டாலர் கொடுத்துப் பெற வேண்டியதைக் காற்றை இறக்கி இலவசமாகப் பெற்றேன்.

ஆனாலும் இந்தக் கணக்குகளெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டவை. அலுமினியம் அடிபட்டால் பெரும்பாலும் நசுங்கும். நசுங்கியது தெரியும். விரிசல் விட்டாலும் பற்றவைத்த இடத்தில் முதலில் ஒரு கோடாகத் தலைகாட்டும் வாய்ப்புண்டு. ஸ்டென்ட் வைப்பதற்கு முந்தைய வாரம் வரை நான் நன்றாகத்தான் இருந்தேன். மாடிப்படிகளில் ஓடித்தான் ஏறினேன். வெளியே ஒரு கோடும் இல்லை. இன்னொரு பொருளும் என்னிடம் அப்படி நடந்துகொள்வதைத் தாங்கும் மனம் எனக்கில்லை. இதில் பொறியியல் ஏதுமில்லை என்பது தெரியும். முப்பது வயதுக்காரர் கேட்டால் கார்பனையே வாங்கச் சொல்வேன்.

அலுமினியத்தை வாங்கி வந்தேன். மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கைத் தொட்டு, "இது ஏன் வேற மாதிரி இருக்கு?" என்றார்.

அலுமினிய கிராவல் வண்டிகளில் பெரும்பாலும் போர்க் மட்டும் கார்பன்தான். கடையிலேயே தெரிந்திருந்தும் வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தேன். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"அதுதானே முன்னாடி போகுது?" என்றார் பிறகு.

உள்ளே போய், ஊரிலிருந்து வந்தபோது எஞ்சிய சில்லறைப் பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து வந்து கொடுத்தார். பழைய நாணயம், கனமானது. இப்போது சனிக்கிழமை காலைகளில் புறப்படுமுன் போர்க்கின் இரு கால்களையும் மேலிருந்து கீழாகத் தட்டுகிறேன். பெரும்பாலும் அவரும் காபியோடு வாசலில் நிற்கிறார். கேட்காததுபோல் நின்று கேட்கிறார். நேற்று இடதுகாலின் கீழ்ப்பக்கத்தை இன்னொரு முறை தட்டச் சொன்னார். தட்டினேன். டிக் என்றது. காற்றைப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன்.