ஒட்டகத்தைக் கட்டிய பிறகு

மில்லர்புரத்தில் வாழும் எனக்கு அச்சம் என்றால் அது கடலைப் பற்றியதாகத்தான் இருந்தது. உப்பளக் காற்றில் வளர்ந்தவனுக்கு மலையின் அச்சம் எங்ஙனம் தெரியும்? சென்ற ஆண்டு கடனாநதி அணைக்கட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில், ஒரு மாலைப்பொழுதில், அதையும் அறிந்துகொள்ளும்படி ஆயிற்று.

பொட்டல்புதூர் முகியித்தீன் ஆண்டவர் பள்ளிவாசலுக்கு ஜியாரத் செய்யச் சென்றிருந்தோம். என் மனைவியின் தம்பி அந்தப் பக்கத்தில் ஆடு வளர்க்கிறார். அவர் வீட்டில் தங்கினோம். அஸர் தொழுத பின்னர், என் மகள் வயிற்றுப் பேரனைக் கைப்பிடித்துக்கொண்டு மைத்துனருடன் வயல் வரப்பில் உலாவப் போனேன். பேரனுக்கு ஐந்து வயது. மஃரிபுக்குக் கால் மணி நேரம் இருக்கும். மலைச்சரிவில் குரங்குகள் திடீரென்று கத்தத் தொடங்கின. மைத்துனர் நின்றுவிட்டார். நானோ அதைப் பொருட்படுத்தவில்லை. பேரன் என் கையை உதறிவிட்டு, கூழாங்கல் பொறுக்கக் குனிந்து உட்கார்ந்தான்.

“மச்சான், ஓடாதீங்க. பார்வையை எடுக்காமல் பிள்ளையைத் தூக்குங்க” என்றார் அவர், மிகத் தாழ்ந்த குரலில்.

அவர் பார்த்த திசையில் ஒரு பாறை. அதன் மேல் சிறுத்தை ஒன்று படுத்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் கால்கள் ஓடத்தான் துடித்தன. பிள்ளையின் நினைவு எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. அந்த வெட்கம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. மைத்துனர் எங்களுக்கு முன்னால் வந்து நின்று, தோள் துண்டை இரு கைகளாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து உரத்த குரலில் அதட்டினார். முதுகைக் காட்டாமல் அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கினோம். சிறுத்தை எங்களைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, அவசரம் ஏதுமின்றி எழுந்து புதருக்குள் மறைந்தது.

அன்றிரவு அவர் எனக்குப் பாடம் நடத்தினார். சிறுத்தையைக் கண்ணால் காண்பது அரிது. அதன் வருகையைக் காதால்தான் முதலில் அறிய வேண்டும். மந்தி கத்தினாலும், மிளாவோ புள்ளிமானோ எச்சரிக்கைக் குரல் கொடுத்தாலும், நாய்கள் ஒரே திசை நோக்கிக் குரைத்தாலும் நின்று கவனிக்க வேண்டும். ஈர மண்ணில் அதன் தடம் வட்டமாக இருக்கும். நான்கு விரல்கள் பதிந்திருக்கும். நாயின் தடத்தைப் போல நகக்குறி தெரியாது. அந்தி மயங்கும் நேரமும் இரவும் விடியற்காலையும் அது நடமாடும் வேளைகள். அவ்வேளைகளில் தனியே போகலாகாது, விளக்கு வேண்டும், பேச்சுக்குரல் வேண்டும். குனிந்திருக்கும் மனிதனும் சிறு குழந்தையும் அதன் கண்ணுக்கு இரையின் அளவில் தெரியக்கூடும். ஓடுபவனைக் கண்டால் துரத்தும் இயல்பு கிளர்ந்தெழும். மீறித் தாக்கினால் படுத்துவிடாமல் கையில் கிடைத்ததைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும். அமெரிக்க மலைகளில் திரியும் பூமாவைக் குறித்து அந்நாட்டார் தம் மக்களுக்குச் சொல்லும் அறிவுரையும் ஏறத்தாழ இதுவே.

“ஒரேயடியாய்ப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் என்ன?” என்று கேட்டேன். 2024 மே மாதத்தில் பாபநாசத்தை அடுத்த வேம்பையாபுரத்தில் கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்த செய்தியை நானும் படித்திருந்தேன்.

“ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும் மச்சான்” என்றார் அவர்.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் வித்யா ஆத்ரேயா முதலிய ஆய்வாளர்கள் கண்டதும் இதற்கு அணுக்கமானதே: பிடித்த சிறுத்தைகளை வேறிடங்களில் விட்டபோது, விடப்பட்ட இடங்களுக்கு அருகே மனிதர் மீதான தாக்குதல்கள் கூடின. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டுள்ளனர். அவற்றுள் 1,070 தமிழகத்தில். மைத்துனரின் ஊருக்கு மேலே உள்ள காடு களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988இல் உருவான அக்காப்பகத்தின் அடிவாரத்தில் வாழ்பவர் அதன் உயிர்களோடும் வாழப் பழகித்தான் ஆக வேண்டும்.

ஆயினும், பழகிக்கொள் என்று சொல்வது எளிது. 2024 ஜனவரியில் நீலகிரியின் பந்தலூரில், ஜார்க்கண்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அந்தத் தாய்க்கு மந்தியின் குரலை யார் கற்றுக்கொடுத்தார்கள்? வீட்டை ஒட்டிக் கழிப்பறை, பாதையில் விளக்கு, வாசலில் புதர் அகற்றிய வெளி: ஏழையின் குழந்தைக்கு இவையே காவல். இவற்றை அமைத்துக் கொடுப்பது ஊராரும் தோட்டத்தாரும் அரசும் பட்டிருக்கும் கடன்.

நம் பங்கும் ஒன்றுண்டு. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக் கழிவுகளை ஊரெல்லையில் கொட்டினால் நாய்கள் கூடும். நாயை நாடிச் சிறுத்தை வரும். மைத்துனர் தம் ஊரில் குழி வெட்டி அவற்றைப் புதைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார். ஆட்டுக் கொட்டிலுக்கும் மேற்கூரையிட்டுக் கதவு பூட்டுகிறார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நாட்டுப்புற அரபி ஒருவருக்கு அறிவுறுத்திய வரலாறு நாம் அனைவரும் கேட்டதே. எங்கள் கடற்கரை முத்துக் குளித்த நாளில் இப்பாடத்தை நன்கறிந்திருந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சுறா வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட ‘கடல்கட்டி’யின் மந்திரத்தை நாடியவர்கள்கூட, கயிறின்றிக் கடலில் இறங்கியதில்லை. படகில் இருந்து கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்றும், தன் உடன்பிறந்தவளின் தாலிக்காக அவர் கண்ணிமைக்க மாட்டார் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மலையடிவாரத்தில் அன்று என் கயிற்றைப் பிடித்தவரும் என் மைத்துனரே.

சிறுத்தைத் தோலை விரித்து அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறை உணர்த்தும் செய்தி. பாறையிலிருந்து இறங்கிப் போன அவ்விலங்கு தன் வீட்டுக்குப் போயிற்று; நாங்களும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். அன்று தொழுகையில் நின்றபோதும் பேரனின் கை என் சட்டையைப் பற்றியே இருந்தது. அவனை விலக்க எனக்கு மனம் வரவில்லை.